காணியின் இலையும் காணியில்லா மக்களும்

தமிழில் ‘காணி’ என்னும் சொல்லுக்கு நிலம் என்பது ஒரு பொருள். வழிவழியாக வரும் நிலவுரிமை என்பது மற்றொரு பொருள். ‘காணியாட்சி’ என்று கல்வெட்டுகள் குறிப்பது இந்த உரிமையைத்தான். திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் 1868 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கும் அகத்தியர்கூடத்தின் சரிவுகளில் வாழும் பழங்குடி மக்களுக்கும் ‘காணி’ என்பதே பெயர். ‘காணிக்காரர்’ என்றும் அழைக்கப்படுகின்றனர். மலைக்குக் கிழக்கே பாபநாசத்தை ஒட்டிய குடியிருப்புகளிலும், தெற்கே பேச்சிப்பாறை மலைகளிலும் வாழ்வோர் இவர்களின் உறவினரே. மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது ஒரே மக்கள் இரு மாநிலங்களின் பட்டியல்களில் பிரிந்து நின்றனர். இப்பெயரின் சொற்பிறப்பு எதுவாயினும், நிலவுரிமையைக் குறிக்கும் சொல்லைப் பெயராகத் தாங்கிய மக்களுக்கு நிலத்தின்மீது உண்மையில் உள்ள உரிமை என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேட ஓர் இலையின் வரலாறு போதும்.

களைப்பறியாத வழிகாட்டிகள்

1987ஆம் ஆண்டின் இறுதியில், அகில இந்திய இனத்தாவரவியல் ஆய்வுத் திட்டத்தின் கீழ் அறிவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையிலான குழுவொன்று அகத்தியமலைக் காடுகளில் ஆய்வு மேற்கொண்டது. வழிகாட்டிகளாகச் சென்றவர்கள் காணி இளைஞர்கள். ஏற்றத்தில் ஆய்வாளர்கள் களைத்துச் சோர்ந்தபோதும் காணிகள் சோரவில்லை. நடையினூடே அவர்கள் சிறு காய்களை மென்றுகொண்டிருந்தனர். ஆய்வாளர்களுக்கும் சில காய்களைக் கொடுத்தனர். உண்டவர்கள் புத்துணர்வு பெற்றனர். எந்தச் செடியின் காய் என்று கேட்டபோது காணிகள் உடனே சொல்லிவிடவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாத குலமரபு அது. பலமுறை வேண்டிக் கேட்ட பின்னரே செடியைக் காட்டினர். நிழலும் ஈரமும் நிறைந்த இடங்களில், தரையோடு ஒட்டினாற்போல் வளரும் சிறு செடி அது. அறிவியல் பெயர் டிரைக்கோபஸ் சைலானிக்கஸ். ‘ஆரோக்கியப்பச்சை’ என்ற பெயரில் பின்னர் உலகம் அதனை அறிந்தது.

அதன்பின் நிகழ்ந்தது வேதியியலின் பணி. ஆய்வுக்கூடங்களில் செடி பகுக்கப்பட்டது. காணிகள் உண்டது காயை. ஆய்வாளர்கள் இலையிலும் பயன் கண்டனர். களைப்பைப் போக்கும் தன்மையும், உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் தன்மையும் உடைய கிளைக்கோலிப்பிடு வகைச் சேர்மங்கள் இலையில் இருப்பது தெரியவந்தது. பாலோட்டில் 1979இல் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், ஆரோக்கியப்பச்சையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகிய மூன்றையும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது.

இங்கே ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஆய்வுக்கூடம் ‘கண்டுபிடித்தது’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது ஏன் அது பயன் தருகிறது என்பதை. அது பயன் தருகிறது என்பதைக் கண்டறிந்தவர்கள் காணிகள். ஆயிரக்கணக்கான தாவரங்கள் மண்டிய காட்டில் எது உணவு, எது நஞ்சு, எது மருந்து என்று பிரித்தறிந்தது தற்செயலாக நேர்ந்ததன்று. தலைமுறை தலைமுறையாக நடந்த சோதனை அது. அந்தச் சோதனையில் உடலை வருத்திக்கொண்டவர்களும் உயிரை இழந்தவர்களும் இருந்திருப்பர். அறிவு என்பதும் உழைப்பின் விளைவே. பழங்குடி மக்களின் அறிவை ‘இயற்கையோடு இயைந்த உள்ளுணர்வு’ என்று புகழ்வோர், புகழ்ச்சியின் மறைவில் அந்த உழைப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றனர். கணக்கில் வராத உழைப்புக்குக் கூலி கேட்க இயலாது.

உலகம் பாராட்டிய ஒப்பந்தம்

1992இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட உயிரியல் பன்முகத்தன்மை உடன்படிக்கை, பழங்குடி மற்றும் உள்ளூர்ச் சமூகங்களின் அறிவைப் பயன்படுத்துவோர் அதனால் வரும் பயனை அவர்களோடு பகிர வேண்டும் என்ற நெறியை முன்வைத்தது. இந்தியாவில் அதற்கான சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆரோக்கியப்பச்சையில் அந்நெறி செயலுக்கு வந்தது. 1995இல் ஜீவனியைத் தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்கு அளிக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவிகிதம் ராயல்டி. இவ்விரண்டிலும் சரிபாதி காணி மக்களுக்கு என்று ஆராய்ச்சி நிறுவனம் முடிவு செய்தது. பணத்தைப் பெறுவதற்காக 1997இல் காணி மக்களின் நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999இல் முதல் தவணையாக ஏறத்தாழ 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் அதன் கணக்கில் சேர்ந்தது.

பயன்பகிர்வுக்கு உலகின் முதல் முன்மாதிரிகளுள் ஒன்றாக இது பாராட்டப்பட்டது. 2002இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடைபெற்ற உலக மாநாட்டையொட்டி புஷ்பாங்கதனுக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் பரிசும் கிடைத்தது. இப்பாராட்டு முற்றிலும் தகுதியற்றதன்று. அதே பத்தாண்டில் பிற இடங்களில் நடந்தவற்றோடு ஒப்பிட்டால் இது விளங்கும். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை அளிக்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் வழக்காடிய பின்னர் 1997இல்தான் அது நீக்கப்பட்டது. கலகாரிப் பாலைநிலத்தின் சான் மக்கள் வேட்டைப் பயணங்களில் பசியடக்க உண்ட ஹூடியா என்னும் சதைப்பற்றுத் தாவரத்திற்குத் தென்னாப்பிரிக்க அரசின் ஆராய்ச்சிக் கழகம் காப்புரிமை பெற்று, அது பன்னாட்டு மருந்து நிறுவனத்தின் கைவரை சென்ற பிறகும் சான் மக்களுக்கு ஒரு சொல்லும் தெரிவிக்கப்படவில்லை. செய்தி வெளியாகி எதிர்ப்பு எழுந்த பின்னரே, 2003இல் அவர்களோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்தப் பெருநிறுவனமும் விலகிக்கொண்டது. கேட்காமலே பங்கு தர முன்வந்த வகையில் பாலோடு நிறுவனம் தனித்து நிற்கிறது.

ஆயினும், பணம் கைமாறியது என்பதோடு கதை முடிந்துவிடவில்லை. முறிவு அங்கேதான் தொடங்கியது.

இலை குற்றமான கதை

ஆரோக்கியப்பச்சைக்கு ஒரு குணமுண்டு. அதன் இயல்பான சூழலுக்கு வெளியே கொண்டுபோய் வளர்த்தால் மருந்துக்குரிய சேர்மங்கள் உரிய அளவில் அமைவதில்லை என்று ஆய்வாளர்கள் கண்டனர். நிழலும் ஈரமும் மண்ணும் மலைக்காற்றும் சேர்ந்துதான் அந்த வேதியியலை நிகழ்த்துகின்றன. ஆகவே இலை வேண்டுமென்றால் காடு வேண்டும். காட்டில் வளர்க்கத் தெரிந்த காணிகளின் கை வேண்டும். இது காணிகளுக்கு வாய்த்த பெரும் வாய்ப்பாக இருந்திருக்க வேண்டும். ராயல்டி பெறுவோராக மட்டுமின்றி, இலையை விளைவித்து விற்கும் உற்பத்தியாளர்களாகவும் அவர்கள் ஆகியிருக்கலாம். சோதனை முறையில் சில குடும்பங்கள் பயிரிட்டன. இலைகளை ஆராய்ச்சி நிறுவனம் வாங்கவும் செய்தது.

வனத்துறை குறுக்கிட்டது. காட்டில் விளையும் இலை வனப்பொருள். அதைப் பறித்து விற்கத் துறையின் அனுமதி வேண்டும். அருகிவரும் செடி என்பதால் அனுமதிக்க இயலாது என்றது. பயிரிடல் நின்றது. விலை இருப்பதை அறிந்த வெளியார் சிலர் செடியை வேரோடு கொள்ளையிட்டுச் செல்வதும் நிகழ்ந்தது. செடியை அறிந்தவர்கள் அதைத் தொட இயலாது. அறியாதவர்கள் அள்ளிச் செல்லலாம் என்ற நிலை உருவாயிற்று. இலை கிடைக்காமல் மருந்து உற்பத்தி தடுமாறியது. உற்பத்தி தடுமாறினால் 2 சதவிகிதத்திற்கு என்ன பொருள்?

ரைன் மாநிலத்தில் காட்டில் உதிர்ந்த சுள்ளிகளைப் பொறுக்கிய ஏழைகளைத் திருடர்களாக்கிய சட்டத்தைப் பற்றி 1842இல் இளம் மார்க்ஸ் எழுதிய கட்டுரைகளைத் தோழர்கள் அறிவர். பொருளாதாரக் கேள்விகளின்பால் தம்மைத் திருப்பிய முதல் தூண்டுதல்களில் ஒன்றாக அதனை 1859இல் அவரே நினைவுகூர்ந்தார். வழக்காறாக இருந்த உரிமையைச் சட்டம் குற்றமாக மாற்றும் அந்த வழிமுறை, ஆங்கிலேயர் வனச் சட்டங்களின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. ரைன் மாநிலத்தில் சுள்ளி, அகத்தியமலையில் இலை. வேறுபாடு இவ்வளவே.

இங்கே நேர்மையாக ஒன்றைக் கூற வேண்டும். மேற்சொன்ன ஆண்டுகளில் கேரளத்தில் இரு முன்னணிகளும் மாறி மாறி ஆட்சி செய்தன. 1996 முதல் 2001 வரை ஆண்டது இடது ஜனநாயக முன்னணி. அரசின் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கையால் கொடுத்ததை அரசின் வனத்துறை மறுகையால் தடுத்தது. அமைச்சரவை மாறினாலும் காலனியக் கால நிர்வாக எந்திரத்தின் இயல்பு தானே மாறுவதில்லை என்ற பாடத்தை இடதுசாரிகளும் தம்மை நோக்கிச் சொல்லிக்கொள்ள வேண்டியவர்களே.

காணிகளுக்குள்ளும் ஒரே குரல் எழவில்லை. அவர்களிடையே ஊர்த்தலைவர் மூட்டுக்காணி. மருத்துவமும் சடங்கும் அறிந்தவர் பிளாத்தி. குற்றிச்சல் பகுதியினர் இத்திட்டத்தில் முதலில் பங்கேற்றனர். விதுரா, பெரிங்கமலை பகுதிப் பிளாத்திகள் 1995இல் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதித் தங்கள் மருத்துவ அறிவைத் தனியார் நிறுவனத்திற்கு விற்பதை எதிர்த்தனர். யாரைக் கேட்டு அறிவு கைமாறியது என்பதே அவர்களின் கேள்வி. வழிகாட்டியாக வந்த ஓரிரு இளைஞர்கள் ஒரு மக்கள் முழுமைக்கும் உரிய அறிவை ஒப்படைக்க முடியுமா? சமூகத்தின் பொதுவுடைமையாக இருந்த ஒன்று ஒப்பந்தப் பொருளாக மாறும்போது, ஒப்பந்தத்தில் ஒப்பமிடுபவர் யார் என்ற கேள்வி அச்சமூகத்தையே பிளக்கக்கூடும். அறக்கட்டளை பின்னர் வந்தது. கேள்வியோ முன்னரே எழுந்துவிட்டது.

ஏட்டில் ஏறியதும் ஏறாததும்

கீழடியில் பானை ஓட்டில் கீறப்பட்டிருந்த ‘குவிரன் ஆதன்’ என்ற பெயரைக் கண்டு தமிழர் அனைவரும் பெருமிதம் கொண்டனர். எளிய மனிதன் ஒருவன் தன் பொருளில் தன் பெயரைப் பொறித்திருந்தான் என்பதே அப்பெருமிதத்தின் காரணம். ஜீவனி தொடர்பான காப்புரிமை ஆவணங்களில் கண்டுபிடிப்பாளர்களாகப் பெயர் பெற்றவர்கள் அறிவியலாளர்கள், காணிகள் அல்லர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பெயருக்குக் கிடைக்கும் மதிப்பு, கண்முன் வாழும் மக்களின் பெயருக்குக் கிடைப்பதில்லை.

இதே மண்ணில் வேறு விதமாகவும் நடந்ததுண்டு. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்து, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ கேரளத் தாவரங்களின் பெருநூல். அதன் அறிவுக்கு முதன்மையான ஊற்றாக விளங்கியவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவர் அளித்த சான்றுரை முதல் தொகுதியிலேயே அச்சேறியது. வணிக ஆதிக்கத்தின் கருவியாக வந்த நூலே ஆயினும், அறிவுக்கு உடையவரின் பெயரை அது மறைக்கவில்லை. எனினும் இட்டி அச்சுதனிடம் ஓலைச்சுவடி இருந்தது. பிளாத்தியிடம் இருப்பது நினைவு மட்டுமே.

எழுதப்பட்டது, எழுதப்படாதது என்னும் இப்பாகுபாடு வெறும் பாகுபாடன்று. யார் எழுதலாம், யார் எழுதக்கூடாது என்பதைச் சாதி முடிவு செய்த நாடு இது. பொதிகை மலையின் மருந்துகளெல்லாம் அகத்தியர் பெயரில் ஏட்டில் ஏறின. அம்மலையிலேயே வாழ்ந்து மருந்தறிந்த மக்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஜீவனியையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள அமுக்கராவும் திப்பிலியும் விஷ்ணுகிராந்தியும் மருத்துவ நூல்கள் அறிந்தவை. ஆரோக்கியப்பச்சை மட்டும் வாய்மொழியில் வாழ்ந்தது. ஒரே மருந்துக்குள் இவ்விரு மரபுகளும் கலந்துள்ளன.

ஒன்றிய அரசு 2023இல் கொண்டுவந்த உயிரியல் பன்முகத்தன்மைத் திருத்தச் சட்டம் இப்பாகுபாட்டைத்தான் பெருநிறுவனங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்துகிறது. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி பயன்பகிர்வு உள்நாட்டு நிறுவனங்களுக்கும் உண்டு என்று திவ்யா பார்மசி வழக்கில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஆயுர்வேத மருந்துத் தொழிலின் பெருநிறுவனங்களுக்கு அத்தீர்ப்பு கசந்தது. ஐந்தாண்டுகளில் திருத்தம் வந்தது. நூல்களில் தொகுக்கப்பட்ட மரபு அறிவைப் பயன்படுத்துவோருக்கும், பயிரிடப்பட்ட மூலிகைகளைப் பயன்படுத்துவோருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. சட்டத்தை மீறுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்த நிலை மாறி, அபராதத்தோடு முடியும் ஒன்றாகியது. நூலில் இருக்கும் மூலிகையைக் காட்டில் காத்து வளர்த்து, பறித்துச் சுமந்து வருவோர் இன்றும் பழங்குடி மக்களே. நூலில் இருப்பதாலேயே அவர்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்பது என்ன நீதி? பழம்பெருமை பேசுவோரின் ஆட்சியில் பழங்குடிகளுக்குக் கிடைத்த பரிசு இது.

இன்னொரு வாயிலும் திறந்து கிடக்கிறது. ஆரோக்கியப்பச்சையின் மரபணுத்தொகுதியைத் திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தியுள்ளனர். அறிவியல் நோக்கில் இது வரவேற்கத்தக்கதே. ஆனால் மரபணு வரிசை பொதுத் தரவுத்தளத்தில் ஏறிவிட்டால், உலகின் எந்த மூலையிலுள்ள நிறுவனமும் ஓர் இலையைத் தொடாமல், ஒரு காணியைக் காணாமல் அந்தத் தகவலைக் கொண்டு பொருளீட்ட முயலலாம். 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய உலக மாநாடு இதற்கென ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. அதில் நிறுவனங்கள் பணம் செலுத்துவது கட்டாயமன்று, விருப்பத்தைப் பொறுத்தது. இலையைத் தடுக்கத் தெரிந்த சட்டம், இலையின் எழுத்தைப் பிரதியெடுப்போர் முன் கைகட்டி நிற்கிறது.

தேவை பங்கு மட்டுமன்று

ஆரோக்கியப்பச்சை கற்பிக்கும் பாடம் ஒன்றே. உற்பத்திச் சாதனத்தின்மீது உரிமையில்லாத இடத்தில் பயன்பகிர்வு என்பது ஈகையாகச் சுருங்கிவிடும். காணிகளுக்குப் பணத்தில் பாதி கிடைத்தது. காட்டில் காலடி அளவும் கிடைக்கவில்லை. அறிவு அவர்களுடையது, செடி வளரும் இடம் அவர்கள் வாழும் இடம், வளர்க்கும் திறன் அவர்களுடையது. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் வேறெங்கோ இருந்தது.

இதை மாற்றுவதற்கான சட்டக் கருவி ஒன்று கையில் இருக்கிறது. இடதுசாரிகளின் வலுவான ஆதரவோடு 2006இல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள்களின் உடைமையைப் பழங்குடி மக்களுக்கு வழங்குகிறது. மருந்துச் செடிகளும் அவ்வரையறையில் அடங்கும். அதன் மூன்றாம் பிரிவின் முதல் உட்பிரிவு, பல்லுயிர் சார்ந்த மரபு அறிவின்மீதும் அறிவுசார் சொத்தின்மீதும் சமூக உரிமையை வெளிப்படையாகவே அங்கீகரிக்கிறது. 1990களில் இச்சட்டம் இருந்திருந்தால் வனத்துறை அவ்வளவு எளிதாகத் தடுத்திருக்க முடியாது. சட்டம் வந்த பின்னும் தனிமனிதப் பட்டாக்கள் வழங்குவதில் காட்டப்படும் அக்கறை, சமூக வன உரிமைகளிலும் மரபு அறிவு உரிமையிலும் காட்டப்படுவதில்லை. இது மலையின் இரு புறங்களுக்கும் பொருந்தும்.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. காணிக் குடியிருப்புகள் தோறும் கிராம சபை கூடிச் சமூக வன உரிமைக் கோரிக்கைகளை முன்வைக்க உதவ வேண்டும். அக்கோரிக்கைகளில் மரபு அறிவு உரிமையையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் தயாரிக்கும் மக்கள் பதிவேடுகளில் எதைப் பதியலாம், எதைப் பதியக்கூடாது என்று முடிவு செய்பவர்கள் பிளாத்திகளாகவும் மூட்டுக்காணிகளாகவும் இருக்க வேண்டும்; அதிகாரிகள் அல்லர். மூலிகை பயிரிட்டு விற்கும் பழங்குடிக் கூட்டுறவுகள் அமைய வேண்டும். கூட்டுறவில் கேரளத்திற்கு நீண்ட அனுபவம் உண்டு. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விலக்குகளை நீக்கப் போராட வேண்டும். மாநில எல்லைக்கு இருபுறமும் பிரிந்து கிடக்கும் காணி மக்களை ஒன்றாகக் காணும் பார்வை, தமிழ்நாட்டுத் தோழர்களுக்கும் கேரளத் தோழர்களுக்கும் பொதுவாக வேண்டும்.

அறிவியலுக்கும் பழங்குடி மக்களுக்கும் இடையே பகை இல்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது. மலையேறிக் களைத்த ஆய்வாளருக்குத் தம் கையிலிருந்த காயைக் கொடுத்தவர்கள் காணிகள். அந்தக் காயின் உள்ளடக்கத்தை விளக்கியது வேதியியல். இரண்டும் சேர்ந்தே மருந்து பிறந்தது. இரண்டையும் பிரித்து ஒன்றைத் தலைமேல் வைத்தும் மற்றொன்றைக் காலடியில் வைத்தும் நடத்தியது சொத்துடைமைச் சட்டம். அதை எதிர்ப்பது அறிவியலை எதிர்ப்பதாகாது; அறிவியலை அதன் உண்மையான உடைமையாளர்களோடு சேர்ப்பதாகும்.

‘காணி’ என்றால் நிலவுரிமை. அகராதியில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. அகத்தியமலையின் காட்டிலும் அதே பொருள் நிலைபெறும் நாளில்தான், ஆரோக்கியப்பச்சை உலகிற்குச் சொல்லத்தக்க முன்மாதிரியாகும்.